பதினெட்டை அடித்துவிடுங்கள்

தனக்கு இருபத்துமூன்றாவது வாக்கியம்தான் வரும் என்று வடிவு மூன்று தடவை எண்ணிப் பார்த்துவிட்டாள். முதல் பெஞ்சிலிருந்து ஆரம்பித்து பெஞ்சுக்கு நாலு பேர், ஐந்து பெஞ்சுக்கு இருபது, ஆறாவது பெஞ்சில் ரோஸ்லின் இருபத்தொன்று, முப்பிடாதி இருபத்திரண்டு, சுவரை ஒட்டி உட்கார்ந்திருக்கிற தான் இருபத்துமூன்று. ஹெலன் மேடத்தின் வகுப்பில் எல்லாரும் இப்படித்தான் எண்ணுவார்கள். ஜெராக்ஸ் தாள் கைக்கு வந்த உடனே யாரும் முதல் வாக்கியத்தைப் படிப்பதில்லை, தன் தலையில் எது விழும் என்று பெஞ்சுகளை எண்ணி அந்த எண்ணில் ஒரு வட்டம் போட்டுக்கொள்வார்கள், அதை மட்டும் வேதம் மாதிரி உருப்போடுவார்கள், மற்ற முப்பத்தைந்து வாக்கியங்களும் மற்றவர்கள் வீட்டுச் சாவு. வடிவு மட்டும் எல்லாவற்றையும் படிப்பாள். படிப்பது சுலபம், ஒன்றும் சத்தம் வராது. எழுந்து நிற்பதுதான், நின்று வாயைத் திறப்பதுதான், அப்போது முப்பத்தாறு தலைகள் திரும்புமே அந்தச் சரசரப்புதான் அவளுக்கு இப்போதே, இன்னும் ஆறேழு பேர் பாக்கி இருக்கும்போதே, அடிவயிற்றில் கேட்டுக்கொண்டிருந்தது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு இடத்தில் டக்கென்று இடறியது. மேடத்தின் மேசைமேல் ஒரு வெள்ளைத் தாள். அதில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் போட்டு வைத்திருக்கிறார்கள். வியாழக்கிழமை சென்னையிலிருந்து ஒரு கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள், டிபார்ட்மெண்டுக்குப் பன்னிரண்டு பேர்தான் அவர்கள் முன்னால் போய் உட்காரலாம், கணிதத்தில் அந்தப் பன்னிரண்டு பேர் யார் என்பதை இங்கிலீஷ் மேடம் முடிவு செய்கிறார்கள். சரியாகச் சொன்னால் பெயர் தாளில். தப்பாகச் சொன்னால் மணி அடிக்கும்வரை நிற்க வேண்டும். தாள் நிறைந்ததும் கடையைச் சாத்திவிடுவார்கள், கடைசி பெஞ்சுகளுக்கு வாய் திறக்கிற வாய்ப்பே கிடையாது. அவர்கள் அதைத் தெரிந்துகொண்டு பூக்கட்டுகிறவர்கள் மாதிரி நிம்மதியாகத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தத் தாளில் பெயர் வராவிட்டால் தூத்துக்குடி. அம்மா அதைத் தீர்மானமாகச் சொல்லக்கூட இல்லை, முருங்கைக்கீரை உருவிக்கொண்டே சொன்னாள், "பரீட்சை முடிஞ்சதும் அக்கா வீட்டுக்குப் போயிரு, ரெட்டைப் பிள்ளைய வச்சிக்கிட்டு அவ ஒத்தையில என்ன செய்வா." எத்தனை நாளைக்கு என்று வடிவு கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அம்மாவுக்குப் பதில் தெரிந்திருக்காது. பிள்ளைகள் நடக்கும்வரை, பிறகு பால்வாடிக்குப் போகும்வரை, பிறகு அக்காவுக்கு அடுத்தது பிறக்கும்வரை. போன பொங்கலுக்குப் பத்து நாள் அங்கே இருந்தாள். அத்தான் நல்லவர், எல்லாருமே அத்தானை நல்லவர் என்றுதான் சொல்வார்கள், அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. ராத்திரி சாப்பிட்டு முடித்து அக்கா பிள்ளைகளோடு உள்ளே படுத்ததும் அத்தான் சமையல்கட்டு நிலைப்படியில் வந்து நின்று தண்ணீர் கேட்பார். தண்ணீர்க் குடம் அவர் கைக்குப் பக்கத்திலேயே இருக்கும். டம்ளர் குடத்தின் மேலேயே கவிழ்ந்திருக்கும். வடிவு பாத்திரத்தைக் கழுவுகிற கையோடு வந்து, அவரை இடித்துவிடாமல் ஒடுங்கி, முகந்து கொடுப்பாள். அவர் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருப்பார். அவ்வளவுதான். இதில் யாரிடம் போய் என்ன சொல்வது. அத்தான் தண்ணீர் கேட்டார் என்று சொன்னால் அம்மா சிரிப்பாள், குடுக்க வேண்டியதுதானே என்பாள். ஆறாவது நாள் டம்ளரைப் பிடித்திருந்த நேரம் கூடிப்போனதை அவள் மனசுக்குள் எண்ணினாள், இருபத்தெட்டு வரை எண்ணினாள். இப்போது தாளில் இருபத்தெட்டாவது வாக்கியம் கண்ணில் படும்போதெல்லாம் வழுக்கிக்கொண்டு அடுத்ததற்குப் போனாள்.

எஸ் வருமா வராதா, விஷயம் அவ்வளவுதான். தாளில் வினை வரவேண்டிய இடம் மட்டும் கோடாக இருக்கும், அதை நிரப்பிச் சொல்ல வேண்டும். இந்த ஹூ, விச், தட் மூன்றும் வந்தால் அதற்குப் பின்னால் வருகிற வினை ஒருமையா பன்மையா. போன வாரம் ஹெலன் மேடம் கைப்பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்துக் காட்டிச் சொன்னார்கள், "ஹூவுக்குச் சொந்தமா முகம் கிடையாது. இந்தக் கண்ணாடி மாதிரி. முன்னால நிக்கிறவ மூஞ்சிதான் இதுல தெரியும். முன்னால ஒருத்தி நின்னா ஒருத்தி, பத்துப் பேர் நின்னா பத்து. வெர்ப் அந்தக் கண்ணாடியப் பார்த்துத்தான் தலை சீவணும்." எல்லாரும் சிரித்தார்கள். வடிவுக்கு அது உடனே பிடித்துப்போயிற்று, பயமாகவும் இருந்தது. தமிழில் இந்தத் தொல்லை இல்லை. வந்த பெண், வந்த பெண்கள், வந்த மாடு, வந்த அத்தான். வந்த என்பதற்கு யார் வந்தார்கள் என்று கவலையே இல்லை, ஒருத்தியா பத்துப் பேரா, ஆணா பெண்ணா, மரியாதை கொடுக்கலாமா கூடாதா, ஒன்றையும் அது காட்டிக்கொடுக்காது. தமிழில் பேசும்போது நடுவழியில் ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது. இங்கிலீஷில் நடுவழியிலும் திரும்பிப் பார்த்து யாருடைய ஆள் நீ என்று சொல்லியாக வேண்டும். பக்கத்தில் நிற்கிறவளைப் பார்த்து ஏமாந்துபோய் அவளுக்கு எஸ் போட்டுவிடக் கூடாது, கூட்டத்தைத் தாண்டி உண்மையான சொந்தக்காரியைத் தேடிப் பிடிக்க வேண்டும். முப்பிடாதி என்கிற முப்பிக்கு இதைக் காலையில் பஸ் ஸ்டாண்டில் வைத்து விளக்கினாள். முப்பி கடலைமிட்டாயைக் கடித்துக்கொண்டே, "ஏட்டி, கண்ணாடியாவது களிம்பாவது, என் நம்பருக்கு எஸ் உண்டா இல்லையா, அதச் சொல்லு முதல்ல. கூப்பிட்டா நான் கத்திச் சொல்லிருதேன்" என்றாள். வடிவு சொல்லிக்கொடுத்தாள். மூன்று வருஷமாக அவர்களுக்குள் ஏற்பாடு அதுதான். முப்பிக்குப் படிப்பு வடிவு, வடிவுக்குத் தொண்டை முப்பி. நூலக அட்டை தொலைந்தபோது ஆபீசில் போய்ச் சண்டை போட்டது முப்பி. மெடிக்கல் ஷாப்பில் ஆம்பளை நிற்கிறபோது தைரியமாக நாப்கின் கேட்டு வாங்கித் தந்தது முப்பி. வடிவின் அம்மாகூட, "உன் தொண்டை இன்னைக்கு வரலையா" என்றுதான் முப்பியை விசாரிப்பாள்.

"யாரு அடுத்தது? எந்திரி" என்றார்கள் மேடம். பதினாறாவது ஆள் எழுந்தாள், நான்காவது பெஞ்சுக் கடைசியில் இருக்கிற செல்லக்கிளி. ஆடுகளைப் பற்றிய வாக்கியம் அவளுக்கு. ஆடுகளுக்கு எஸ்ஸோடு ஒரு வினையைச் சேர்த்துவிட்டாள். ஹெலன் மேடம் திட்டுவதில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே மெதுவாகக் கேட்பார்கள், அதுதான். "உங்கப்பா என்னம்மா பண்றாரு?" பக்கத்தில் இருக்கிறவள் சொன்னாள், "ஆட்டு வியாபாரம் மேடம்." "அப்படியா. சந்தையில நிக்கிறது ஒரு ஆடா பத்து ஆடான்னு தெரியாமத்தான் விக்கிறாரா? பாவம், உங்க வீட்டுல நஷ்டம்தான்." வகுப்பு சிரித்தது. செல்லக்கிளியும் சிரித்தாள், அதுதான் வடிவுக்குத் தாங்கவில்லை. நிற்கிறவர்கள் எல்லாரும் முதலில் சிரிக்கிறார்கள், சிரித்து முடித்த வாயை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருக்கிறார்கள், பிறகுதான் மூடுகிறார்கள். அவள் எட்டாவது. பதினேழாவது பெண் சரியாகச் சொல்லி உட்கார்ந்தாள். தாளில் ஒன்பது பெயர். நிற்கிற எட்டுப் பேரின் முதுகும் எட்டு விதமாக இருந்தது. ஒருத்தியின் ஜாக்கெட் கொக்கி அவிழ்ந்திருப்பது பின்னால் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்தது, யாரும் அவளிடம் சொல்லவில்லை. வடிவும் சொல்லவில்லை. சொல்வதற்கு எழுந்து போக வேண்டும்.

"பதினெட்ட அடிச்சிருங்க. பிரிண்டிங் மிஸ்டேக். அடுத்தவ பத்தொன்பது." மேடம் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள், இருமல் மாதிரி சாதாரணமாகச் சொன்னார்கள். வடிவின் பென்சில் தானாகவே பதினெட்டின்மேல் ஒரு கோடு இழுத்தது. அந்தக் கோட்டை இழுத்து முடிப்பதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. எல்லாம் ஒன்று தள்ளிப் போகிறது. ரோஸ்லினுக்கு இருபத்திரண்டு, முப்பிக்கு இருபத்துமூன்று, தனக்கு இருபத்துநாலு. முன்னால் ஐந்தாவது பெஞ்சில் மூன்று பேர் ஒரே நேரத்தில் தாளைப் புரட்டினார்கள், எறும்புப் புற்றைக் கலைத்த மாதிரி. வடிவு நோட்டைத் திறந்து மளமளவென்று எழுதினாள். முப்பி இருபத்துமூன்று, பூ விற்கிற பெண்கள், தி விமன் ஹூ ஸெல் ஃப்ளவர்ஸ் ஆர் பொலைட், எஸ் கிடையாது. அதற்குக் கீழே, நான் இருபத்துநாலு, மை அங்கிள் இஸ் ஒன் ஆஃப் தோஸ் க்ளர்க்ஸ் ஹூ கம் லேட். இதில்தான் சூழ்ச்சி, மாமா ஒருத்தர்தான், ஆனால் கண்ணாடியில் தெரிவது மாமா இல்லை, தாமதமாக வருகிற அத்தனை குமாஸ்தாக்களும். எழுதி முடித்து முப்பியைப் பார்த்தாள். முப்பி இரண்டு கட்டைவிரலாலும் காதை அடைத்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடி, உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். தி நர்ஸ் ஹூ லுக்ஸ், தி நர்ஸ் ஹூ லுக்ஸ். பழைய இருபத்திரண்டு. முட்டியைத் தட்டினால் போதும், நோட்டை இரண்டு விரல்கடை தள்ளி வைத்தால் போதும். தட்டலாம், மேடம் தலையைக் குனிந்ததும் தட்டலாம் என்று இருந்தாள். மேடம் குனிந்தார்கள். பத்தொன்பதைச் சொன்னவள் சரியாகச் சொல்லிவிட்டாள், பெயர் எழுதுகிறார்கள், பத்து. இன்னும் இரண்டு இடம். நிமிர்ந்துவிட்டார்கள். அடுத்த தடவை குனியும்போது தட்டலாம்.

இரண்டு இடம், தாங்கள் இரண்டு பேர், சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்தபோது இடையில் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள் என்பதும் நினைவுக்கு வந்தது. இருபதைச் சொன்னவள் உளறினாள், உருப்போட்டது வேறு, வந்தது வேறு, நின்றுவிட்டாள். நல்லது என்று வடிவின் மனசு சொன்னது, சொன்ன சத்தம் அவளுக்கே கேட்டது. இப்போது தட்டியிருக்கலாம். ஆனால் முப்பி திடுக்கிட்டுக் கத்திவிடுவாள், அவளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது, என்னட்டி என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்பாள், மேடம் இரண்டு பேரையும் எழுப்பிவிடுவார்கள். முதல் வருஷம் ஒருநாளும் அப்படித்தான் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள். கேண்டீனில் டம்ளர் கேட்க வெட்கப்பட்டு வடிவு தாகத்தோடு உட்கார்ந்திருந்ததை முப்பி வகுப்பு முழுவதற்கும் நடித்துக் காட்டினாள், "இவ குழாயடியில உக்காந்து தாகத்துல செத்துருவாட்டி, குழாயைத் தொறன்னு குழாய்கிட்டயே கேக்க மாட்டா." எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வடிவும் சிரித்தாள். சிரித்து முடித்த வாயை என்ன செய்தாள் என்று இப்போது யோசித்தாள். அது நடந்து மூன்று வருஷம் ஆகிறது, மறந்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தாள், ஆனால் எந்த நாள், யார் யார் இருந்தார்கள், முப்பி போட்டிருந்த தாவணி என்ன நிறம் எல்லாம் வரிசையாக இருந்தது. இன்னும் இருந்தது. முப்பி வடிவின் தோள்மேல் கை போட்டுக்கொண்டு புது ஆட்களிடம், இது பேசாது, ஆனா நல்ல பிள்ள, என்று அறிமுகம் செய்வது. இது. ஐந்தாவது பெஞ்சுக் கடைசியில் இருபத்தொன்று எழுந்தது, சொல்லிற்று, சரி. பெயர் எழுதுகிறார்கள். பதினொன்று. ஒரே ஒரு இடம். மேடம் குனிந்துதான் இருந்தார்கள், மூக்குக்கண்ணாடி நழுவுகிற அளவுக்குக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள், வடிவு தன் வலது கையைப் பார்த்தாள், அது பெஞ்சின்மேல் இருந்தது, அது எங்கேயும் போகவில்லை. முப்பிக்கு என்ன, அவளுக்கு வாய் இருக்கிறது. எந்தக் கடையிலும் நேராகப் போய் வேலை கேட்பாள், ஜவுளிக் கடையில் நின்று நாலு புடவையைப் பிரித்துப் போட்டால் நாற்பது விற்பாள். அவளை யாரும் தூத்துக்குடிக்கு அனுப்ப முடியாது. அனுப்பினாலும் முதல் நாளே அவள், குடம் ஒங்க பக்கத்துலதான இருக்கு மச்சான், முகந்து குடிங்க, என்று கத்திச் சொல்லி அக்காவை எழுப்பிவிடுவாள். வாய் உள்ளவளுக்கு எல்லா இடமும் ஊர். இல்லாதவளுக்கு ஒரு இடம்தானே, ஒரே ஒரு எண்.

பெஞ்சு ஆடிற்று. ரோஸ்லின் எழுந்தாள். ஆட்டத்தில் முப்பியின் கண் திறந்தது, காதிலிருந்து விரல் வந்தது, வந்த அதே நேரத்தில் ரோஸ்லின் தி நர்ஸ் ஹூ என்று வாசிக்க ஆரம்பித்தாள். வடிவு பார்க்காமலே பார்த்தாள். முப்பியின் முகம் ஒரு கணம் ஒன்றும் புரியாமல் இருந்தது, தன் வீட்டுக் கதவைத் திறந்து வேறு யாரோ வெளியே வருவதைப் பார்த்த மாதிரி. பிறகு தாளைப் பார்த்தாள், ரோஸ்லினைப் பார்த்தாள், புரிந்துவிட்டது. ரோஸ்லின் லுக்கிங் என்று சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள், மேடம் அவளிடம், "உன்னை ஆஸ்பத்திரியில சேத்தாலும் தப்பான வார்டுலதான் போய்ப் படுப்பே" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், சிரிப்பு வந்தது, அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் முப்பிக்கு நேரம் இருந்தது. முழங்கை வந்து வடிவின் விலாவில் இடித்தது. "ஏட்டி, இருவத்திமூணு என்னது? எஸ் உண்டா?" முப்பிக்கு மெதுவாகப் பேசத் தெரிந்திருந்தது. இவ்வளவு மெதுவாகப் பேசுவாள் என்று வடிவு நினைக்கவே இல்லை, மூச்சு மாதிரி வந்தது. "சொல்லுட்டி. உண்டுன்னா தலைய ஆட்டு, போதும்." வடிவு கரும்பலகையைப் பார்த்தாள். கரும்பலகையில் நேற்று யாரோ எழுதிய ஒரு சமன்பாடு பாதி அழிந்து கிடந்தது. நோட்டின்மேல் இருந்த அவளுடைய கை, மெதுவாக, தாள் காற்றில் பறக்காமல் அமுக்குகிற மாதிரி, அந்த இரண்டு வரிகளின்மேலும் நகர்ந்து போய் விரிந்தது. மின்விசிறி டக்கென்று இடறியது. தலையை ஆட்ட வேண்டாம் என்று அவள் நினைக்கவில்லை. ஆட்டவில்லை, அவ்வளவுதான். விலாவில் இருந்த முழங்கை கொஞ்ச நேரம் அங்கேயே காத்திருந்தது. பிறகு விலகியது, விலகும்போது அழுத்தாமல், ஆறுதல் சொல்கிற மாதிரி ஒரு தடவை தேய்த்துவிட்டுப் போனது. "பயந்துட்டியாக்கும். சரி, விடு" என்றாள் முப்பி, எழுந்துகொண்டே.

முப்பி எழுந்து நின்றால் பெஞ்சே நிமிர்ந்த மாதிரி இருக்கும். தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, தெரியாத பாஷையைத் தெரிந்த தைரியத்தோடு வாசித்தாள். "தி விமன் ஹூ செல்லிங் ஃப்ளவர்ஸ் ஆர் பொலைட்." குரல் ஜன்னலைத் தாண்டி வராந்தாவுக்குப் போயிற்று. மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்கள். வடிவு மேசையைப் பார்த்துக்கொண்டாள், மரத்தில் யாரோ காம்பஸால் கீறின ஒரு பூ இருந்தது. "இன்னொரு தடவை சொல்லு. கடைசி பெஞ்சுக்குக் கேக்கல." கேட்டது, எல்லாருக்கும் கேட்டது. முப்பி இன்னும் சத்தமாகச் சொன்னாள். "இன்னொரு தடவை." சொன்னாள். மூன்றாவது தடவை செல்லிங் என்ற இடத்தில் குரல் ஒரு நூல் இறங்கிற்று. தப்பு அங்கேதான் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது, ஆனால் சரி எதுவென்று தெரியவில்லை. "என்ன மீடியம்?" "தமிழ் மீடியம் மேடம்." "தமிழ்ல இப்படித்தான் பேசுவியா? பூ விற்றுக்கொண்டு பெண்கள்னு? சொல்லு, தமிழ்லயாவது சரியாச் சொல்லு." முப்பி சொன்னாள், "பூ விக்கிற பொம்பளைங்க மரியாதையானவங்க, மேடம்." "ஆகா. இதுக்கு மூணு வருஷம், ஒரு டிகிரி. இவ்வளவு பெரிய குரலை ஆண்டவர் குடுத்திருக்காரு, உள்ள வைக்க ஒண்ணும் குடுக்கல. காலி டின்னு. மார்க்கெட்ல கொண்டுபோய் வச்சா கத்தி வித்துக் குடுக்கும்." சிரிப்பு அலை அலையாக வந்தது. நிற்கிற பத்துப் பேரும் சிரித்தார்கள், தங்களுக்குப் பதினோராவது ஆள் கிடைத்த சந்தோஷத்தில். வடிவு முப்பியின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை, பார்க்கத் தேவையில்லாமல் மேசைமேல் ஊன்றியிருந்த கையைப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது. இதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு ஓரத்தில், சோறு வடிக்கிற தட்டின் விளிம்பிலிருந்து முதல் சொட்டு விழுகிற மாதிரி, அவளுக்கு ஒரு நிம்மதி சொட்டியது. இன்னும் ஒரு இடம் இருக்கிறது.

"அடுத்தது. சுவர்ப் பக்கம்." வடிவு எழுந்தாள். எழுந்ததை அவள் உணரவில்லை, சுவர் கீழே போனது. முப்பத்தாறு தலைகளும் திரும்பின, அந்தச் சரசரப்பு, அதற்குத்தானே இவ்வளவு நேரமும். வாக்கியம் தெரியும். வாக்கியம் முழுசாக உள்ளே இருந்தது, ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக, கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி. மை என்று ஆரம்பித்தால் போதும், மீதி வந்துவிடும். வாய் திறந்தது. மை வரவில்லை. தொண்டையில் ஒன்றும் அடைக்கவில்லை, அழுகை வரவில்லை, ஒன்றுமே இல்லை, தொண்டை என்று ஒன்று அங்கே இருந்த சுவடே இல்லை. எண்ணிக்கொண்டாள், ஒன்று, இரண்டு, மூன்று. மேடம் பேனாவை மூடினார்கள். அந்தக் க்ளிக் சத்தத்தில் தூத்துக்குடி வந்துவிட்டது, நிலைப்படி, ஈரக் கை. "என்ன, மௌன விரதமா? பின்னால நிறைய பேர் காத்திருக்காங்க." பதினொன்று, பன்னிரண்டு. அப்போது பக்கத்திலிருந்து, ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த இடத்திலிருந்து, அந்தக் குரல் வந்தது. "மேடம், இவளுக்குத் தெரியும் மேடம். கூட்டத்தைப் பாத்தா இவளுக்கு வராது. நோட்டுல எழுதி வச்சிருப்பா, சத்தியமா. நான் காட்டுதேன்." வேண்டாம் என்று வடிவு சொல்லியிருக்க வேண்டும். அதையும் சொல்ல முடியவில்லை. முப்பி குனிந்து நோட்டை எடுத்துவிட்டாள். மேடத்துக்குச் சிரிப்பு வந்தது. "பரவால்லையே, டின்னுக்கு வேலை கெடச்சிருச்சு. சரி, நீயே வாசி. எழுதியிருக்கிறது சரியா இருந்தா அவ பேரப் போடுறேன். தப்பா இருந்தா ரெண்டு பேரும் வராந்தா."

முப்பி நோட்டை முகத்துக்கு நேராகப் பிடித்தாள். வடிவு நின்ற இடத்திலிருந்து அந்தப் பக்கம் தெரிந்தது. மேல் வரியில் முப்பியின் பெயர், இருபத்துமூன்று, பூ விற்கிற பெண்கள், எஸ் கிடையாது. கீழ் வரியில் தன்னுடையது. முப்பியின் கண் மேல் வரிக்குப் போனதை வடிவு பார்த்தாள். அது அங்கேயே நின்றது. வகுப்பில் யாரோ தும்மினார்கள். இவள் மேல் வரியை வாசித்தால் என்ன ஆகும் என்று வடிவு கணக்குப் போட்டாள், இந்த நிலையிலும் மனசு கணக்குத்தான் போட்டது: மேடம் விசாரிப்பார்கள், எல்லாருக்கும் தெரிந்துபோகும், ஆனால் கீழ் வரி சரிதானே, சரியாக இருந்தால் பெயர் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்களே, சொன்ன வார்த்தையை மாற்றுவார்களா. முப்பியின் உதடு ஒரு தடவை சத்தமில்லாமல் அசைந்தது. மேல் வரியைத் தனக்குள் வாசித்துப் பார்க்கிறாள். ஸெல். இவ்வளவுதானா என்கிற மாதிரி. பிறகு கண் கீழே இறங்கிற்று. "மை அங்கிள் இஸ் ஒன் ஆஃப் தோஸ் க்ளர்க்ஸ் ஹூ கம் லேட்." நிறுத்தி, திருத்தமாக, வராந்தாவுக்குக் கேட்கிற மாதிரி வாசித்தாள். "கரெக்ட்" என்றார்கள் மேடம். "இந்த ஒண்ணுலதான் எல்லாரும் விழுவாங்க. பேரு?" வடிவு வாயைத் திறந்தாள். "சங்கரவடிவு, மேடம்" என்றாள் முப்பி. "இனிஷியல் எம்." பேனா ஓடிற்று. பன்னிரண்டு. பின் பெஞ்சுகளில் ஒரு பெருமூச்சு எழுந்து அடங்கிற்று. வடிவு உட்கார்ந்தாள். பெயர் தாளில் காய்ந்துகொண்டிருந்தது.

மேடம் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, ஏதோ நினைத்துக்கொண்டவர்களாக முப்பியை மேலும் கீழும் பார்த்தார்கள். "உனக்கு எழுதிக் குடுத்தா நல்லாத்தான் வாசிக்கிறே. வியாழக்கிழமை கம்பெனிக்காரங்க வரும்போது வெல்கம் ஸ்பீச் ஒண்ணு வேணும். நீ வாசிச்சிரு. பட்டுப் புடவை கட்டிட்டு வா. இந்த ஊமச்சி எழுதிக் குடுப்பா. வாசிச்சிட்டு வாசல்ல போய் நின்னுக்க, உள்ள வராதே, பன்னெண்டு பேருக்குத்தான் சேர்." சிரிப்பு வந்தது, ஆனால் களைத்த சிரிப்பு, சாப்பாட்டு மணி நெருங்கிவிட்டது. "சரி மேடம்" என்றாள் முப்பி. "உக்காரு. ஸ்பீச் வாசிக்கிறவ நிக்க வேண்டாம், குரல் போயிரும்." முப்பி உட்கார்ந்தாள். பெஞ்சு ஆடவில்லை. அவள் கையில் நோட்டு இன்னும் இருந்தது, அதை மூடாமல், அந்தப் பக்கம் அப்படியே தெரிகிற மாதிரி வடிவின் முன்னால் வைத்தாள். மேடம் வருகைப் பதிவேட்டைத் திறந்த பிறகு, முப்பி முன்னால் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எப்ப எழுதுன?"

வடிவு யோசித்தாள். இப்போதுதான் என்று சொல்லலாம். நீ கேட்டபோது எழுதவில்லை, அப்புறம் எழுதினேன் என்று சொல்லலாம். கூட்டத்தைப் பார்த்தால்தான் அவளுக்குப் பேச்சு வராது, இங்கே கூட்டம் இல்லை, முப்பிதான் இருந்தாள். "இப்பத்தான்" என்றாள். நன்றாக வந்தது, நடுங்காமல் வந்தது.

"ம்" என்றாள் முப்பி. உள்ளங்கையைத் திருப்பி, ஜெராக்ஸ் தாள் மை ஒட்டியிருந்த விரல்களைப் பார்த்தாள். ஒவ்வொன்றாகத் தாவணி முனையில் துடைத்தாள். ஐந்து விரலும் துடைத்து முடிந்ததும் சொன்னாள், "ஸ்பீச்சைப் பெரிய எழுத்துல எழுதிக் குடு. என்கிட்டக் குடுக்காத, ரோஸ்லின்கிட்டக் குடுத்து விடு." பிறகு பெஞ்சில் ரோஸ்லின் பக்கமாக ஒரு சாண் நகர்ந்து உட்கார்ந்தாள். நடுவில் விழுந்த இடத்தில் நோட்டை அகலமாக விரித்து எழுத வசதியாக இருந்தது.

மணி அடிக்க இன்னும் ஆறு நிமிஷம் இருந்தது. வடிவு புதுப் பக்கம் ஒன்றைத் திருப்பினாள். வந்திருக்கிற பெரியவர்களே என்று எப்படி ஆரம்பிப்பது, நாங்கள் இந்தக் கல்லூரியில் படிக்கிறவர்கள் என்று ஆரம்பித்தால் நன்றாக இருக்கும், அதில் ஒரு ஹூ வருகிறது. பெரிய எழுத்தில், ஒரு வரி விட்டு ஒரு வரி, முப்பியின் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிற மாதிரி எழுதினாள். வி ஹூ ஸ்டடி ஹியர் வெல்கம் யூ. முன்னால் நிற்பது நாங்கள், ஆகவே ஸ்டடிக்கு எஸ் கிடையாது, வெல்கமுக்கும் கிடையாது. ஒரு தடவை படித்துப் பார்த்தாள். தப்பே இல்லை.